இருநூற்று எழுபத்திரண்டு அமாவாசை

ஏப்ரல் 2, புதன்

ஓய்வு பெற இன்னும் ஐம்பத்தொன்பது நாள். லோகநாயகி இந்த நாட்குறிப்பேட்டைக் கையில் கொடுத்து, "வீட்ல உக்காந்து என்கிட்டப் பேசிப் பேசிக் கொல்லாம, இதுல எழுதிப் பழகுங்க" என்றாள். முப்பத்தைந்து வருடமாக என்னுடன் குடித்தனம் நடத்துபவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தாவரவியல் துறைத்தலைவராக எனக்கு மிச்சம் இருப்பது இரண்டு வேலை. ஒன்று, துறையின் கடற்பாசித் தொகுப்பை ஒழுங்குபண்ணுவது. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாசி, வரைந்து வைத்ததுபோல் காய்ந்து ஒட்டியிருக்கிறது. கீழே "சேகரித்தவர்: முனைவர் ஆ. குற்றாலநாதன்" என்று என் பெயர். மே மாதம் வழியனுப்பு விழாவில் அந்த அறைக்கே என் பெயரைச் சூட்டப்போகிறார்கள். தேக்குப் பலகைக்குக் கல்லூரி முதல்வர் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. இன்று பீரோவைத் திறந்து நின்றபோது, இவ்வளவையும் நானா செய்தேன் என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

இரண்டாவது, ஜெயக்கொடியின் பதவி உயர்வுக் கோப்பு. இணைப் பேராசிரியர். என் துறையில் இருபத்திரண்டு வருடம். நல்ல பெண், அதிர்ந்து பேசமாட்டார். பேராசிரியர் பதவிக்கு இது மூன்றாவது விண்ணப்பம். முதல் இரண்டு முறையும் துறைத்தலைவர் குறிப்பில் "களப்பணி குறிப்பிடும்படி இல்லை" என்று எழுதினேன். உள்ளதைத்தானே எழுத முடியும்? களப்பயணப் பதிவேட்டில் அவர் தலைமையில் ஒரு பயணம்கூட இல்லை. இந்த முறையும் தட்டிப்போனால், அவருக்கு ஏழு வருடம் இளையவரான ரத்தினவேல் துறைத்தலைவர் ஆகிவிடுவார். ஜெயக்கொடி அவருக்குக் கீழேயே இருந்து ஓய்வு பெற வேண்டியதுதான். வருத்தமான விஷயம்.

ஏப்ரல் 3, வியாழன்

பீரோவுக்குப் பூச்சி உருண்டை வாங்கினேன். சட்டை, சாப்பாட்டுக் கூடை, நான், எல்லாம் ஒரே வாசனை. லோகநாயகி என்னைத் துணி அலமாரியில் படுக்கச் சொல்கிறாள்.

ஏப்ரல் 7, திங்கள்

தாள்களை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒன்று நழுவிக் கவிழ்ந்து விழுந்தது. பின்பக்கம் பென்சிலில் பொடி எழுத்து. "அமாவாசை. வற்றம் காலை 6.40. நீர் 27 பாகை. பாறை 3. முழங்கால்." வற்றம் என்பது கடல் உள்வாங்கியிருக்கும் நேரம். முழங்கால்? யோசித்து நின்று, பிறகுதான் புரிந்தது. அந்தப் பாசியைப் பறித்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பறித்தவர் தன் உடம்பை வைத்து அளந்திருக்கிறார்.

வேறொன்றைத் திருப்பினேன். "இடுப்பு. அலை அதிகம். வலது கை இரண்டு விரல் கிழிந்தது." இன்னொன்று: "இடுப்பு. எனக்கு ஆறாம் மாதம். சூசையம்மா பின்னால் நின்று பிடித்துக்கொண்டாள்." ஊரடங்கு நாளில் ஒன்று: "போலீஸ் மறித்தது. பாசி எடுக்கிற பொம்பளை என்று சொன்னேன். விட்டார்கள்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தாளின் முதுகைக்கூட நான் பார்த்ததில்லை. மதியச் சாப்பாட்டை மறந்து நான்கு மணி வரை திருப்பிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

ஜெயக்கொடி விடைத்தாள் கட்டோடு வந்தார். கேட்டேன்.

"பின்னாடி இதெல்லாம் நீங்க எழுதினதாம்மா?"

"ஆமா சார்."

"முன்பக்கமே எழுதியிருக்கலாமே?"

"முன்னாடி உங்க ஸ்டாம்ப் வரும்ல சார். எடம் பத்தாது."

சொல்லிவிட்டு விடைத்தாளை மேசையில் வைத்துப் போய்விட்டார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்டாம்ப் விவகாரத்தை இங்கே விளக்கிவிடுகிறேன். பெண் ஆசிரியர்கள் களப்பயணத்துக்குத் தலைமை ஏற்கக்கூடாது என்று 2001இல் களப்பயணக் குழு ஒரு விதி போட்டது. அவர்கள் பாதுகாப்புக்காகத்தான். குழுவின் ஒருங்கிணைப்பாளர் நான். பயண எண் இல்லாத தாள் பதிவேட்டில் ஏறாது. பயண எண் தலைவர் பெயரில்தான் கிடைக்கும். தலைவர் பெயரைத்தான் சேகரித்தவர் என்று போடுவது துறை வழக்கம். ஆகவே ஜெயக்கொடி அமாவாசைதோறும் சொந்த விடுப்பில் டவுன் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போவார். பாசியைத் தாளில் ஏற்றி, அழுத்தி, காயவைத்து என் மேசையில் வைப்பார். வெள்ளிக்கிழமை மதியம் காப்பி குடித்துக்கொண்டே நான் ஸ்டாம்ப் அடிப்பேன். ஆரம்பத்தில் இரண்டு வருடம் நானும் கூடப் போனேன். கரையிலிருந்து மேற்பார்வை பார்த்தேன்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நடைமுறை அப்படி. அவரும் ஒருநாளும் வாய் திறந்து ஆட்சேபித்ததில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி கிண்டிக்கொண்டிருந்த லோகநாயகியிடம் பென்சில் குறிப்புகளைப் பற்றிச் சொன்னேன். கரண்டியை நிறுத்தாமலே கேட்டாள். "என் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு பரண்லதான் கெடக்கு. உங்க தீசிஸை டைப் அடிக்க உக்காந்தப்ப மேல ஏத்துனது. அதுக்குப் பின்னாடியும் என்னமோ எழுதி வச்சிருந்தேன். என்னன்னு மறந்துபோச்சு."

பச்சடியில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஏப்ரல் 16, புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

ஜெயக்கொடி ஒவ்வோர் அமாவாசைக்கும் அதே பாறைத்திட்டிலிருந்து நான்கு பாசி எடுத்திருக்கிறார். கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி, மரிக்கொழுந்துப் பாசி. நான் மரிக்கொழுந்தை மட்டும் தனியே பிரித்தேன். இருநூற்று எழுபத்திரண்டு தாள். தேர்வு விடுமுறை, கல்லூரியில் ஆள் இல்லை. மின்விசிறிகளை அணைத்துவிட்டு, மாடி நடைக்கூடத்தில் முதல் அமாவாசையிலிருந்து ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினேன். நடைக்கூடம் முடிந்து, திரும்பி இன்னொரு வரிசை வந்தது. முட்டி இரண்டும் கழன்றுவிட்டன.

பிறகு எழுந்து முதல் தாளிலிருந்து நடந்தேன்.

2003இல் மரிக்கொழுந்து ஒரு சாண் நீளம், அடர்த்தி, கரும்பச்சை. நடக்க நடக்கக் குட்டையாகிறது. பாதி வழியில் விரல் நீளம். தாள்களைத் திருப்பிப் பார்த்தேன். முதல் வருடங்களில் முழங்கால், முழங்கால், முழங்கால். பிறகு தொடை. இடுப்பு. மார்பு. சென்ற வருடத்திலிருந்து எல்லாத் தாளிலும் ஒரே சொல்: கழுத்து.

கரையோரத் தண்ணீர் சூடாக ஆக, அந்தப் பாசி ஆழத்துக்கு நகர்ந்திருக்கிறது. கால் இல்லாத ஒரு செடி இருபத்திரண்டு வருடம் கடலுக்குள் நடந்து போயிருக்கிறது. ஒரு பெண் பின்னாலேயே போய்த் தன் உடம்பால் அதை அளந்திருக்கிறார். இப்படி ஒரு பதிவை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை செருப்பைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கோயிலில் கழற்றுவதுபோலக் கால் தானாகக் கழற்றியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

எல்லாத் தாளிலும் நீல மையில் என் பெயர் இருந்தது. நேராகக்கூட இல்லை, கோணல் மாணலாக.

ஏப்ரல் 17, வியாழன்

ஒரு மாதமாவது விட்டிருப்பார் என்று தேடினேன். ஏன் தேடினேன் என்று கேட்காதீர்கள். ஒன்று குறைந்தால் மனசு ஆறும்போல இருந்தது. 2007 ஆகஸ்டில் அவருக்குப் பிள்ளை பிறந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த மாதத் தாளை உருவினேன்.

இருந்தது. பின்னால்: "இடுப்பு. நான் கரையில் நின்றேன். இறங்கியவள் சூசையம்மா. சேகரித்தவர்: சூசையம்மா."

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாசிக்காரி ஒரே ஒரு நாள் பறித்துக் கொடுத்ததற்கு அவள் பெயரைப் போட்டிருக்கிறார். முன்பக்கம் திருப்பினேன். அதிலும் என் ஸ்டாம்ப்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு. அமாவாசை

நானும் வருகிறேன் என்றேன். "வாங்க சார்" என்றார், அவ்வளவுதான்.

பாசி எடுக்கும் பெண்கள் எட்டுப் பேர் ஏற்கெனவே விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பாதத்தில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொள்கிறார்கள், நீந்த. ஜெயக்கொடியும் சேலைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு அதேபோல் கட்டினார். துறைக் கூட்டங்களில் டீ வந்ததா என்று பார்க்க நாங்கள் அனுப்பும் ஜெயக்கொடி.

சூசையம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அறுபது வயதிருக்கும். "இவுகதான் குடை சாரா?"

"என்னது?"

"அந்தக் காலத்துல டீச்சர் கூட வந்து கரையில குடைய விரிச்சு உக்காந்திருப்பீகளே. நாங்க குடை சாருன்னுதான் சொல்லுவோம்." மற்றப் பெண்கள் சிரித்தார்கள். இத்தனை வருடமாக ஒரு கடற்கரை என்னை வைத்துச் சிரித்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

நானும் இறங்கினேன். முழங்காலைத் தாண்டவில்லை. பாறை வழுக்கி இரண்டு முறை உட்கார்ந்தேன். அவர் போய்க்கொண்டே இருந்தார். இடுப்பு, மார்பு, பிறகு தலை மட்டும். பிறகு தலையும் இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். என்னால் அடக்க முடிந்ததற்கு மேல் நேரம் போயிற்று. பின் கை ஒன்று மேலே வந்தது. அதில் விரல் நீளப் பாசி. வெயில் பட்டுப் பளபளத்தது.

திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "கழுத்தைத் தாண்டிருச்சு சார். அடுத்த வருஷம் எப்பிடி அளக்கப் போறேன்னு தெரியல" என்றார். அவர் கவலை அதுவாக இருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

துறைத்தலைவர் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். "களப்பணி:" என்ற இடத்தில் "தலைசிறந்தது. இருபத்திரண்டு ஆண்டு இடைவிடாத பதிவு" என்று எழுதி அனுப்பிவிட்டேன். மனசு லேசானது. பாயசம் வைக்கச் சொன்னேன்.

மே 5, திங்கள்

முதல்வர் கூப்பிட்டார். மேசையில் என் மூன்று குறிப்புகளும் பக்கம் பக்கமாக இருந்தன.

"ரெண்டு தடவை இல்லேன்னு எழுதிருக்கீங்க. இப்ப தலைசிறந்ததுங்கிறீங்க. தேர்வுக் குழு கேக்குமா கேக்காதா? தாள் எல்லாத்துலயும் உங்க பேருதான் இருக்கு சார்."

"பறிச்சது அவங்கதான்."

"அப்ப அத எழுத்துல குடுங்க. நான் பறிக்கலைன்னு." குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. 2011ல நீங்க பேராசிரியர் ஆனதே இந்தத் தொகுப்ப வச்சுத்தான். ஓய்வுக்கப்புறம் ரெண்டு வருஷ கௌரவப் பேராசிரியர் பதவிக்கு உங்க பேரத்தான் அனுப்பிருக்கோம். யோசிங்க. போற நேரத்துல எதுக்கு?"

யோசிக்கிறேன் என்று சொல்லி வந்தேன்.

மே 8, வியாழன்

யோசிக்கிறேன்.

மே 12, திங்கள்

நான்கு வரைவு எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதை லோகநாயகியிடம் காட்டினேன். "துறை வழக்கம் காரணமாகப் பெயரிடுதலில் ஒரு குழப்பம் நேர்ந்துள்ளது" என்று தொடங்கியிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"நேர்ந்துள்ளதுன்னா? மழை பெய்யுற மாதிரி தானா நேர்ந்துச்சா?"

"பின்ன எப்படி எழுதச் சொல்ற?"

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சவரு, எடுத்து எலையில வைக்கும்போதும் வெள்ளரிக்காய்னுதான் சொல்லுவீங்களா?"

எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். நான் ஆறாவதை எழுதினேன். "மார்ச் வரை தொகுப்பில் ஏறிய 1,140 தாள்களில் 1,084 தாள்கள் முனைவர் ஜெயக்கொடி தனியாகக் கடலில் இறங்கிச் சேகரித்தவை. 2007 ஆகஸ்டின் நான்கு தாள்கள் சூசையம்மா சேகரித்தவை. மீதி 52 மாணவர்கள் பறித்தவை. நான் ஒன்றையும் சேகரிக்கவில்லை. ஜெயக்கொடியின் பெயர் வரமுடியாதபடி விதி போட்டவன் நான். பிறகு அவர் பெயர் இல்லை என்று எழுதியவனும் நான். என் பேராசிரியர் பதவி இந்தத் தாள்களால் கிடைத்தது." கையெழுத்துப் போட்டேன். இன்றே கொடுத்துவிட்டேன், நாளை வரை வைத்திருந்தால் ஏழாவது எழுதுவேன் என்று தெரியும்.

மே 19, திங்கள்

நேர்காணல். குழுவில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஜெயக்கொடி மரிக்கொழுந்துத் தாள்களில் இருபத்திரண்டை மேசையில் வரிசையாக வைத்து, பத்தே நிமிடம் பேசினார். வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

பிறகு அவர் கேட்டார். "எல்லாம் சரிம்மா. இத்தன வருஷம் ஏன் வாயே திறக்கல?"

"திறந்தேன் சார். 2009ல மனு குடுத்தேன். கோப்புல இருக்கும்."

கோப்பைப் புரட்டினார்கள். இருந்தது. ஒரே பக்கம். தாள்களில் தன் பெயரும் வரவேண்டும் என்று கேட்டிருந்தார். ஓரத்தில் பச்சை மை: "பார்த்தேன். கோப்பில் வைக்கவும். ஆ.கு." எங்கள் துறையில் பச்சை மை வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

ஏப்ரல் 9இல் நான் எழுதியதை இப்போது திருப்பிப் பார்த்தேன். ஒருநாளும் ஆட்சேபித்ததில்லையாம். அதை எழுதும்போது இந்த மனு எனக்கு மறந்துபோயிருந்தது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மறக்கவில்லை. யாரும் படிக்காத நாட்குறிப்பில்கூட எனக்குப் பொய் தேவைப்பட்டிருக்கிறது.

மே 27, செவ்வாய்

வழியனுப்பு விழா. சனிக்கிழமை முதல்வர் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்பதால் இன்றைக்கே வைத்தார்கள். பொன்னாடைத் தட்டு ஏந்துவது எப்போதும் பெண் ஆசிரியர் வேலை. ஜெயக்கொடி பெயர்தான் பட்டியலில் இருந்தது. ஆள் இல்லை. விடுப்புக் கடிதம் மட்டும் வந்திருந்தது: "அமாவாசை வற்றம்." கடைசியில் ரத்தினவேல் தட்டைத் தூக்கி வந்து சந்தனத்தைத் தன் சட்டையில் கொட்டிக்கொண்டார். இருபது வருடமாக இந்தத் தட்டு கவிழாமல் வந்ததும் ஒரு திறமை என்று இன்றுதான் தெரிந்தது.

முதல்வர் பேசினார். என் கடிதத்தைப் பற்றித்தான் முழுப் பேச்சும். "தன் தவற்றை ஒப்புக்கொள்ளும் மாமனிதர்" என்றார். என் நேர்மைக்குப் பரிசாகக் கௌரவப் பேராசிரியர் பதவி உறுதி என்று மேடையிலேயே அறிவித்தார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தேக்குப் பலகையைச் செய்தது வீணாகக்கூடாதென்று நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள்.

ஒருவர் இருபத்திரண்டு வருடம் கழுத்தளவுத் தண்ணீரை நோக்கி நடந்ததற்கு ஒரு கைதட்டல் கிடையாது. அதை மறைத்தவன் ஒரு பக்கம் எழுதியதற்கு ஊரே எழுந்து நிற்கிறது. திருடினாலும் எனக்கு லாபம், திருப்பிக் கொடுத்தாலும் எனக்கே லாபம். இந்த ஏற்பாட்டின் திறமையை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

மாலை போட்டுக்கொண்டு நின்றபோது மணி பார்த்தேன். அவர் இந்நேரம் கரையேறியிருப்பார்.

மே 31, சனி

கடைசி நாள். இரண்டு தாள் கையில். ஒன்று ஜெயக்கொடிக்கு வந்த உத்தரவு. பேராசிரியர், இன்றைய தேதியிலிருந்து. முதல் விண்ணப்பம் போட்டது 2013இல். இடையில் போன பன்னிரண்டு வருடத்தைப் பற்றி உத்தரவில் ஒரு வரி இல்லை. இன்னொன்று நான் எழுதியது. கௌரவப் பதவி வேண்டாம் என்று.

உத்தரவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"நன்றின்னு சொல்லமாட்டேன் சார்."

"சொல்லக்கூடாதும்மா."

சாவிக்கொத்தை மேசையில் வைத்தேன். ரப்பர் ஸ்டாம்ப்பையும் வைத்தேன். அதை எடுத்துப் பார்த்து, குப்பைக்கூடையில் போடாமல் இழுப்பறையில் போட்டார். "ஆதாரம் சார், இருக்கட்டும்" என்றார்.

ஜூன் 25, புதன். அமாவாசை

துறைத்தலைவராக அவர் போட்ட முதல் உத்தரவு 2001 விதியை ரத்து செய்தது. இரண்டாவது உத்தரவு வாய்மொழி: எழுத ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று என்னிடம் கேட்டார். கேட்டவுடன் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் என் டிக்கெட்டை நானே எடுத்தேன்.

முழங்கால் தண்ணீரில் பென்சிலோடு நின்றேன். குடை எடுத்துப் போகவில்லை, முதுகு இப்போதும் எரிகிறது. இந்த முறை அவரிடம் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று இருந்தது, இனி உடம்பு போதாது என்று. அலைக்கு மேலே தலையைத் தூக்கி, "கழுத்துக்கு மேல ரெண்டு முடிச்சு!" என்று கத்தினார். எழுதினேன். பக்கத்தில் "சேகரித்தவர்: முனைவர் ஜெயக்கொடி" என்றும் எழுதினேன். இத்தனை வருடத்தில் ஒரு பாசித் தாளுக்கு என் கையால் நான் எழுதிய முதல் எழுத்து அது.

மதியம் துறையில், தட்டில் தண்ணீர் ஊற்றி, மிதக்கவிட்ட பாசிக்கு அடியில் தாளை நுழைத்து எடுத்தார். மேலே பழைய வேட்டித் துணி, ஒற்றுத்தாள். அழுத்தி வைக்கக் கனமாக ஏதாவது வேண்டும், அழுத்தும் பலகை விரிசல் விட்டுவிட்டது என்றார்.

வீட்டுக்குப் போய் அந்தத் தேக்குப் பலகையைத் தூக்கி வந்தேன். நல்ல கனம். செதுக்கிய எழுத்தில் என் முழுப்பெயர்.

"எழுத்து மேல இருக்கணுமாம்மா, கீழ இருக்கணுமா?"

அவர் தாள்களின் ஓரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எப்பிடி வச்சாலும் கனம் ஒண்ணுதான் சார்."